கபடியில் நட்சத்திர வீரரும் துணை வீரர்களும்

கபடியில் நட்சத்திர வீரரும் துணை வீரர்களும் என்னும் இக்கட்டுரை, ஓர் அணியின் வெற்றி தோல்வி அதன் மிகச் சிறந்த தனி வீரரை எந்த அளவுக்குச் சார்ந்துள்ளது, அவருடன் ஆடும் ஏனையோரை எந்த அளவுக்குச் சார்ந்துள்ளது என்ற விவாதத்தைப் பற்றியதாகும். இவ்விவாதம் கூடைப்பந்தாட்டத்தில் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. 2014ஆம் ஆண்டில் புரோ கபடி லீக் தொடங்கி, வீரர்களின் புள்ளிகள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கணக்கிட்டு வெளியிடப்பட்ட பின்னர், கபடியிலும் இது வலுப்பெற்றது. தமிழ்நாட்டில் இவ்விவாதம் பெரும்பாலும் தமிழ் தலைவாஸ் அணியைச் சுற்றியே நிகழ்கிறது. புகழ்பெற்ற வீரர்கள் பலரைக் கொண்டிருந்த பருவங்களில் இவ்வணி கடைசி இடத்தில் முடிந்தது. முதன்மை வீரர் முதல் ஆட்டத்திலேயே காயமுற்று விலகிய பருவத்தில் அரையிறுதியை எட்டியது.

ஆட்டவிதிகளும் சார்புநிலையும்

சடுகுடு என்றும் அழைக்கப்படும் கபடி, தமிழ்நாட்டின் மாநில விளையாட்டாகும். களத்தில் அணிக்கு எழுவர் ஆடுவர். எதிரணிக் களத்துக்குப் பாடிச் செல்பவர் தொலைக்காட்சி வருணனைகளில் ரெய்டர் எனப்படுகிறார். இக்கட்டுரையில் அவர் பாடுநர் என்று குறிக்கப்படுகிறார். பாடுநர் ஒரு முறை சென்று திரும்புவதற்கு 30 நொடிகள் உண்டு. ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக நடைபெறும். இரு அணிகளும் மாறிமாறிப் பாடிச் செல்வதால், ஓர் அணிக்கு ஏறத்தாழ 40 வாய்ப்புகள் கிடைக்கின்றன.

நட்சத்திர வீரர் தம் அணியினரைச் சார்ந்திருக்கும் நிலையைக் கபடியின் விதிகளே உருவாக்குகின்றன. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

* வெளியேறுதல்: பிடிபட்ட பாடுநர் களத்தை விட்டு வெளியேறி அமர வேண்டும். எதிரணி பாடுநரால் தொடப்பட்ட வீரரும் அவ்வாறே வெளியேறுவார்.
* மீட்பு: வெளியே அமர்ந்திருப்பவர் தாமாக உள்ளே வர இயலாது. அவருடைய அணியினர் எதிரணி வீரர் ஒருவரைத் தொட்டோ பிடித்தோ வெளியேற்றினால், வெளியிலுள்ள ஒருவர் உள்ளே வரலாம். மிகைக்கோட்டைத் தொட்டுப் பெறும் போனஸ் புள்ளிக்கு இந்த மீட்பு கிடையாது.
* வரிசை: எந்த வரிசையில் வெளியேறினரோ அதே வரிசையில்தான் வீரர்கள் உள்ளே வருவர். முதன்மைப் பாடுநரை முதலில் அழைத்துக்கொள்ளும் உரிமை அணித்தலைவருக்கு இல்லை.
* மூன்றாம் முறை: தொடர்ந்து இரு முறை புள்ளியின்றித் திரும்பிய அணி, மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் பாடிச் சென்றவர் வெளியேறுவார்.
* முழு வெளியேற்றம்: எழுவரும் வெளியேறினால் எதிரணிக்கு 2 கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். அதன் பின்னர் எழுவரும் உள்ளே வருவர்.

இவ்விதிகளின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் அணியின் முதன்மைப் பாடுநர் ஆட்டத்தின் 5ஆவது நிமிடத்தில் பிடிபடுகிறார் எனக் கொள்வோம். அவ்வணியின் பிடிப்பவர்கள் அடுத்து வரும் எதிரணி பாடுநரைப் பிடித்துவிட்டால், அவர் ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் களத்தில் இருப்பார். பிடிக்கத் தவறினால், இரண்டாம் நிலைப் பாடுநர் ஒருவரைத் தொட்டு வரும் வரை அவர் காத்திருக்க வேண்டும். அதுவும் நிகழாவிட்டால் அணி முழுவதும் வெளியேறிய பின்னரே அவர் உள்ளே வருவார். இம்மூன்று நிலைகளிலும் அவருடைய திறமை ஒன்றே. அவர் களத்தில் இருக்கும் நேரம் மட்டும் வேறுபடுகிறது. அந்நேரத்தைத் தீர்மானிப்பவர்கள் துணை வீரர்களே.

விவாதத்தின் இரு தரப்புகள்

முதல் தரப்பினர், நெருக்கடியான வேளையில் ஒரே முறையில் மூன்று நான்கு பேரை வெளியேற்றக்கூடிய பாடுநர் இல்லாமல் பெரிய கோப்பைகளை வெல்வது அரிது என்பர். எதிரணியின் கவனம் முழுவதும் அவர் மீது குவிவதால் ஏனைய பாடுநர்களுக்கு வழி எளிதாகிறது என்பதும் இவர்களுடைய கருத்தாகும்.

இரண்டாம் தரப்பினர், பாடுநரின் புள்ளிகள் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதால் அவற்றுக்கு மிகை மதிப்பு தரப்படுகிறது என்பர். நல்ல பிடிப்பவர்கள் அமையாத அணி, தான் எடுக்கும் புள்ளிகளுக்கு இணையாகவோ மேலாகவோ எதிரணிக்கு வழங்கிவிடும். மேலும் எல்லா வாய்ப்புகளும் ஒருவரிடமே செல்லும்போது இரண்டாம் பாடுநர் உருவாகாமல் போகிறார் என்றும் இவர்கள் சுட்டுகின்றனர்.

தமிழ் தலைவாஸ்

தமிழ் தலைவாஸ் அணி 2017ஆம் ஆண்டில், புரோ கபடி லீக்கின் 5ஆம் பருவத்தில் முதன்முதலாகக் களமிறங்கியது. அதன் பருவங்கள் சிலவற்றின் முடிவுகள் வருமாறு:

* 5ஆம் பருவம் (2017): அணித்தலைவர் அஜய் தாக்கூர். ஆறு அணிகள் கொண்ட பிரிவில் கடைசி இடம்.
* 6ஆம் பருவம் (2018-19): அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர், ஜஸ்வீர் சிங். மீண்டும் பிரிவில் கடைசி இடம்.
* 7ஆம் பருவம் (2019): அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர். 12 அணிகளில் 12ஆம் இடம்.
* 8ஆம் பருவம் (2021-22): அணித்தலைவர் சுர்ஜீத் சிங். 11ஆம் இடம்.
* 9ஆம் பருவம் (2022): பவன் செராவத் முதல் ஆட்டத்தில் காயம். 5ஆம் இடம் பெற்று அரையிறுதி வரை முன்னேற்றம்.
* 10ஆம் பருவம் (2023-24): 9ஆம் இடம்.
* 11ஆம் பருவம் (2024): சச்சின் தன்வர். 9ஆம் இடம்.

அஜய் தாக்கூர் காலம்

அஜய் தாக்கூர் இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். 2016ஆம் ஆண்டு அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா ஈரானை 38-29 என்ற கணக்கில் வென்றபோது அதிகப் புள்ளிகள் எடுத்தவர். 2019ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது பெற்றார். தமிழ் தலைவாஸ் அணிக்காக முதல் இரு பருவங்களிலும் இவர் தலா 200க்கும் மேற்பட்ட புள்ளிகளை எடுத்தார். எனினும் இரு முறையும் அணி தன் பிரிவில் கடைசி இடத்தையே பெற்றது. ஒரு தனி வீரரின் புள்ளிக்கணக்குக்கும் அணியின் நிலைக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி ஏற்படலாம் என்பதற்கு இப்பருவங்கள் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றன.

இக்குறையைப் போக்க அணி மேலும் பெயர் பெற்றவர்களைச் சேர்த்தது. 2019ஆம் ஆண்டு ஏலத்தில் ராகுல் சௌத்ரி 94 இலட்சம் ரூபாய்க்கு வாங்கப்பட்டார். லீக்கின் தொடக்கப் பருவங்களில் மிகுந்த புகழ் பெற்றிருந்த மூவர் இப்போது ஒரே அணியில் இருந்தனர். ஆனால் அப்பருவத்தில் அணி 12ஆம் இடத்தில் முடிந்தது. அஜய் தாக்கூருக்கு ஏற்பட்ட காயமும், பருவத்தின் நடுவே நிகழ்ந்த பயிற்றுநர் மாற்றமும் இதற்குக் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. ஆகவே நட்சத்திரங்களைச் சேர்த்ததே தோல்விக்குக் காரணம் என்று கூறிவிட இயலாது. ஆயினும் நட்சத்திரங்களைச் சேர்ப்பது மட்டும் போதாது என்பது இதனால் தெளிவாகிறது.

9ஆம் பருவம்

2022ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நடந்த ஏலத்தில் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கியது. லீக் வரலாற்றில் அதுவரை எவருக்கும் அத்தொகை தரப்பட்டதில்லை. அக்டோபர் 8ஆம் நாள் குசராத்து ஜயண்ட்ஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. அவ்வாட்டம் 31-31 எனச் சமநிலையில் முடிந்தது. பவன் அப்பருவத்தில் மீண்டும் ஆடவில்லை.

தொடக்கத்தில் தோல்விகளைச் சந்தித்த அணியில் ஜே. உதயகுமாருக்குப் பதிலாக அசன் குமார் பயிற்றுநரானார். பிடிப்பவரான சாகர் ராத்தீ அணித்தலைவர் பொறுப்பை ஏற்றார். சாகர், சாகில் குலியா ஆகியோரைக் கொண்ட பிடிவரிசை வலுவாக அமைந்தது. பாடுநர்களில் நரேந்தர் கண்டோலா, தம் முதல் பருவத்திலேயே பாடிச் சென்று 243 புள்ளிகள் எடுத்தார். அஜிங்கிய பவார் இரண்டாம் பாடுநராக 100க்கும் மேற்பட்ட புள்ளிகள் சேர்த்தார். வெளியேற்றச் சுற்றில் உ.பி. யோதாஸ் அணியுடன் 36-36 எனச் சமநிலை கண்டு, சமன்முறிவில் தமிழ் தலைவாஸ் வென்றது. அரையிறுதியில் புனேரி பல்தன் அணியிடம் 37-39 என்ற கணக்கில் தோற்றது.

இரண்டாம் தரப்பினர் தம் கருத்துக்கு இப்பருவத்தையே முதன்மைச் சான்றாகக் காட்டுவர். ஆனால் இதனை வேறு விதமாகவும் பார்க்கலாம். 243 புள்ளிகள் எடுத்த ஒருவர் துணை வீரர் அல்லர்; அவர் அறியப்படாதிருந்த நட்சத்திரம். எனவே இப்பருவம் உணர்த்துவது நட்சத்திரம் தேவையில்லை என்பதையன்று, நட்சத்திரம் யார் என்பதை ஏலத்தொகை முன்கூட்டியே சொல்லிவிடாது என்பதையே எனலாம்.

அடுத்து வந்த பருவங்கள்

10ஆம் பருவத்தில் சாகர், சாகில், நரேந்தர், அஜிங்கிய பவார், பயிற்றுநர் அசன் குமார் ஆகிய அனைவரும் அணியில் தொடர்ந்தனர். ஆனால் அணி 9ஆம் இடத்துக்கு இறங்கியது. நரேந்தரை எதிரணிகள் இப்போது நன்கு அறிந்திருந்தன. அவருடைய புள்ளிகள் முந்தைய பருவத்தை விடக் குறைந்தன. ஒருங்கிணைந்த அணி ஒன்றே போதும் என்னும் கருத்துக்கு இப்பருவம் எதிர்ச்சான்றாகும். 11ஆம் பருவத்தில் சச்சின் தன்வர் 2.15 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்ட போதும் அணி அதே 9ஆம் இடத்தில்தான் முடிந்தது.

பிற அணிகளின் எடுத்துக்காட்டுகள்

பட்னா பைரேட்சும் பர்தீப் நர்வாலும்

5ஆம் பருவத்தில் பர்தீப் நர்வால் பாடிச் சென்று 369 புள்ளிகள் எடுத்தார். அரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 34 புள்ளிகள் எடுத்தார். 2017ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் சென்னை சவகர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் பட்னா அணி, குசராத்து அணியை 55-38 என்ற கணக்கில் வென்றது. முதல் தரப்பினருக்கு இதனினும் சிறந்த சான்று இல்லை. எனினும் அதே அணியில் மோனு கோயத் என்னும் இரண்டாம் பாடுநர் 191 புள்ளிகள் எடுத்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்த ஏலத்தில் மோனு கோயத்தை 1.51 கோடி ரூபாய்க்கு அரியானா அணி வாங்கிக்கொண்டது. 6ஆம் பருவத்தில் பர்தீப் 233 புள்ளிகளும், 7ஆம் பருவத்தில் 302 புள்ளிகளும் எடுத்தார். இரு பருவங்களிலும் பட்னா அடுத்த சுற்றுக்குத் தேறவில்லை. 8ஆம் பருவத்துக்கு முன்னர் பர்தீப்பை 1.65 கோடி ரூபாய்க்கு உ.பி. யோதா வாங்கியது. அவர் இல்லாத பட்னா அணி அப்பருவத்தில் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்றது. ஈரானிய வீரர் முகமதுரெசா சாட்லூயி பிடியில் மட்டும் 89 புள்ளிகள் எடுத்தார். அரையிறுதியில் பர்தீப் ஆடிய உ.பி. யோதாவையே பட்னா 38-27 என்ற கணக்கில் வென்று, இறுதியாட்டத்தில் தபங் டெல்லியிடம் 36-37 என ஒரே புள்ளியில் தோற்றது.

பெங்கால் வாரியர்ஸ், 2019

தமிழ் தலைவாஸ் கடைசி இடம் பெற்ற 7ஆம் பருவத்தில் கோப்பையை வென்றது பெங்கால் வாரியர்ஸ் அணியாகும். அதன் தலைவரும் முதன்மைப் பாடுநருமான மணீந்தர் சிங், 200க்கும் மேற்பட்ட புள்ளிகளால் அணியைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் காயம் காரணமாக அவர் அரையிறுதியிலும் இறுதியாட்டத்திலும் ஆடவில்லை. ஈரானைச் சேர்ந்த முகமது நபிபக்சு தலைமையில் ஆடிய அணி, இறுதியாட்டத்தில் தபங் டெல்லியை 39-34 என்ற கணக்கில் வென்றது. தோற்ற அணியின் நவீன் குமார் அந்த ஆட்டத்தில் 18 புள்ளிகள் எடுத்திருந்தார்.

தமிழ்நாட்டுச் சுவைஞர்களுக்கு இவ்வெற்றியில் இன்னொரு செய்தியும் உண்டு. வாகை சூடிய அணியில் இடம்பெற்ற பாடுநர்களான கே. பிரபஞ்சனும் சுகேஷ் ஹெக்டேயும் முன்னர்த் தமிழ் தலைவாஸ் அணியில் ஆடியவர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த பிரபஞ்சன் 5ஆம் பருவத்தில் அஜய் தாக்கூருக்குத் துணையாகப் பாடியவர். ஹெக்டே 6ஆம் பருவத்தில் ஆடியவர். பெரிய பெயர்களைத் தேடிய அணி விடுவித்த இரண்டாம் நிலைப் பாடுநர்கள், வேறோர் அணியில் கோப்பையை ஏந்தினர்.

பவன் செராவத்: மூன்று அணிகள்

ஒரே வீரரை வெவ்வேறு அணிகளில் ஒப்பிட்டுப் பார்ப்பது இவ்விவாதத்தில் பயனுள்ள முறையாகும். பவன் செராவத் 6ஆம் பருவத்தில் பெங்களூரு புல்ஸ் அணிக்காக 271 புள்ளிகள் எடுத்தார். 2019ஆம் ஆண்டு சனவரியில் நடந்த இறுதியாட்டத்தில் மட்டும் 22 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வென்று தந்தார். அவ்வணியில் அணித்தலைவர் ரோகித் குமாரும் 150க்கும் மேற்பட்ட புள்ளிகளுடன் துணை நின்றார்.

தமிழ் தலைவாஸ் அணியில் காயமுற்ற பருவத்துக்குப் பின்னர், தெலுங்கு டைட்டன்ஸ் பவனை 2.605 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 10ஆம் பருவத்தில் அவர் 200க்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுத்தார். ஆனால் டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்று கடைசி இடத்தைப் பெற்றது. 2025ஆம் ஆண்டின் 12ஆம் பருவத்தில் பவன் மீண்டும் தமிழ் தலைவாஸ் அணிக்கு வந்தார். அர்ஜுன் தேஸ்வாலும் உடன் சேர்ந்தார். பவன் பருவத்தின் நடுவே அணியை விட்டு நீங்கினார். தமிழ் தலைவாஸ் அடுத்த சுற்றுக்குத் தேறவில்லை.

இந்திய அணி, 2018

தேசிய அணியும் இதற்கு விலக்கன்று. 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அஜய் தாக்கூர் தலைமையிலான இந்திய ஆண்கள் அணியில் பர்தீப் நர்வால், ராகுல் சௌத்ரி, மோனு கோயத் ஆகிய முன்னணிப் பாடுநர்கள் அனைவரும் இருந்தனர். அரையிறுதியில் ஈரானின் பிடிவரிசை அவர்களை 18 புள்ளிகளுக்குள் நிறுத்தியது. 18-27 எனத் தோற்ற இந்தியா வெண்கலத்துடன் திரும்பியது. 1990ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு முறையும் தங்கம் வென்ற ஆண்கள் அணி அதைத் தவறவிட்டது அதுவே முதன்முறை.

கூடைப்பந்தாட்டத்துடன் ஒப்பீடு

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில் இவ்விவாதத்தின் இரு தரப்புக்கும் சான்றுகள் உள்ளன. மைக்கேல் ஜோர்டான் 1986-87 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 37.1 புள்ளிகள் எடுத்தார். எனினும் சிகாகோ புல்ஸ் முதல் சுற்றிலேயே பாஸ்டனிடம் 0-3 எனத் தோற்றது. 1987ஆம் ஆண்டில் ஸ்காட்டி பிப்பன், ஓரஸ் கிராண்ட் ஆகியோர் சேர்ந்து, முதிர்ச்சி பெற்ற பின்னர் 1991ஆம் ஆண்டில்தான் அவ்வணி முதல் பட்டத்தை வென்றது. ஜோர்டான் ஓய்வு அறிவித்து விலகிய 1993-94 பருவத்தில் புல்ஸ் 55 ஆட்டங்களை வென்றது. முந்தைய பருவத்தில் அவர் இருந்தபோது வென்றவை 57.

இதற்கு மாறானது லெப்ரான் ஜேம்சின் எடுத்துக்காட்டு. அவர் இருந்த 2009-10 பருவத்தில் கிளீவ்லாந்து கவாலியர்ஸ் 61 ஆட்டங்களை வென்றது. அவர் மயாமிக்குச் சென்ற அடுத்த பருவத்தில் வென்றவை 19 மட்டுமே. அதே லெப்ரான் 2007ஆம் ஆண்டு இறுதிச் சுற்றுக்குக் கிளீவ்லாந்தைக் கொண்டுவந்தபோது, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியிடம் 0-4 எனத் தோற்றார். 2004ஆம் ஆண்டில் சாக்கீல் ஓ'நீல், கோபி பிரயன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் ஆகிய நால்வரைக் கொண்ட லேக்கர்ஸ் அணியை, அத்தகைய பெயர்கள் இல்லாத டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 4-1 என வென்றது.

இரு ஆட்டங்களுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. கூடைப்பந்தாட்டத்தில் களத்தில் ஐவரே ஆடுவதால் ஒருவரின் பங்கு பெரிது. பந்தை இழந்தாலும் அவர் களத்திலேயே இருப்பார். 48 நிமிட ஆட்டத்தில் பெரும்பகுதி ஆட இயலும். தற்காப்பிலும் அவரே பங்கேற்பார். கபடியிலோ ஒரு முறை பிடிபட்டால் நட்சத்திரம் களத்திலிருந்தே நீங்குகிறது. மேலும் சிறந்த பாடுநர்கள் பலர் பிடிப்பதில் வல்லவர்கள் அல்லர். எனவே துணை வீரர்களைச் சார்ந்திருத்தல் கூடைப்பந்தாட்டத்தை விடக் கபடியில் கூடுதலானது எனலாம்.

அளவிடுவதில் உள்ள சிக்கல்கள்

வீரர்களின் புள்ளிக்கணக்கை மட்டும் கொண்டு இவ்விவாதத்தைத் தீர்க்க இயலாமைக்குப் பின்வருவன காரணங்களாகும்:

* ஒரு பிடியில் மூவர் சேர்ந்து பாடுநரை மடக்கினாலும், பிடிப்புள்ளி ஒருவர் பெயரிலேயே பதிவாகிறது. சங்கிலியாகக் கைகோத்து நின்றவரின் பங்கு கணக்கில் தெரிவதில்லை.
* மீட்பு பதிவாகும்போது யாரால் யார் உள்ளே வந்தார் என்பது பொதுவாக வெளியிடப்படும் பட்டியல்களில் காட்டப்படுவதில்லை.
* நலிந்த அணியில் உள்ள பாடுநர் மிகுதியான முறை பாடிச் செல்வதால் அவருடைய புள்ளிகள் கூடலாம். புள்ளிகள் மிகுதியாக இருப்பது அணியின் வலிமையை அன்றி, அதன் வறுமையையும் காட்டக்கூடும்.
* ஒரு பருவத்தில் அணிக்குக் குறைந்த எண்ணிக்கையிலான ஆட்டங்களே உள்ளன. என்.பி.ஏ.யில் 82 ஆட்டங்கள். சிறிய எண்ணிக்கையில் காயமும் தற்செயலும் முடிவுகளைப் பெரிதும் மாற்றிவிடும்.

ஏலமும் அணி அமைப்பும்

இவ்விவாதம் சுவைஞர்களின் வாய்ப்பேச்சோடு நின்றுவிடுவதன்று. வீரர்களின் ஊதியத்தையும் வாய்ப்பையும் தீர்மானிப்பது. அணிகள் செலவிடக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. அவ்வரம்பு 9ஆம் பருவத்தில் 4.4 கோடி ரூபாயாகவும், 10ஆம் பருவத்தில் 5 கோடி ரூபாயாகவும் இருந்தது. தமிழ் தலைவாஸ் பவனுக்குத் தந்த 2.26 கோடி முதல் வரம்பில் 51 விழுக்காடு; டைட்டன்ஸ் தந்த 2.605 கோடி இரண்டாம் வரம்பில் 52 விழுக்காடு. இவ்விரு அணிகளும் ஏனைய வீரர்கள் அனைவரையும் எஞ்சிய பாதிக்கும் குறைவான தொகையில் சேர்க்க வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்று அரையிறுதியை எட்டியது. மற்றொன்று கடைசி இடத்தில் முடிந்தது. வேறுபாடு, எஞ்சிய தொகையில் யாரைத் தேர்ந்தனர் என்பதில் இருந்தது.

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளைத் தொகுத்து நோக்கினால் இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, இங்குக் குறிப்பிட்ட கோப்பை வென்ற அணிகள் மூன்றிலும் முதன்மைப் பாடுநர் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் வெளியே அமர்ந்த நேரத்தில் புள்ளி எடுக்கக்கூடிய இரண்டாம் பாடுநரும் இருந்தார். இரண்டாவது, முதன்மைப் பாடுநர் 200, 300 புள்ளிகள் எடுத்தும் பின்தங்கிய அணிகளுக்குக் குறைவாக இருந்தது அவர் எடுத்த புள்ளிகள் அல்ல. அவரை மீண்டும் உள்ளே அழைத்துவரக்கூடிய பிடிகளே.

இவற்றையும் பார்க்க

* கபடி
* புரோ கபடி லீக்
* தமிழ் தலைவாஸ்
* அஜய் தாக்கூர்
* கூடைப்பந்தாட்டம்
* மைக்கேல் ஜோர்டான்